முதல் படத்துக்கு முன்னால்



வெகுசன இசைக் கலைஞர்களின் பின்னணி குறித்துப் பேச இரண்டு நாள் கூடியிருக்கிறோம். நம் ஆய்வேடுகளைப் புரட்டினால் இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யோடு பிறக்கிறார், ரகுமான் 1992இல் ‘ரோஜா’வோடு பிறக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டுகளெல்லாம் ‘வறுமையில் வாடினார், வாய்ப்புத் தேடி அலைந்தார்’ என்று ஒரே பத்தியில் முடிந்துவிடுகின்றன. அலைந்த காலம் என்று நாம் தள்ளிவிடும் அந்த ஆண்டுகள்தாம் அவர்களுடைய பள்ளிக்கூடம் என்பது என் உறுதியான கருத்து.

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனின் குழுவை எடுத்துக்கொள்வோம். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடிய குழு அது. மக்களுக்குப் பழகிய சினிமா மெட்டில் கட்சியின் சொல்லை ஏற்றிப் பாடுவது பாவலரின் வழக்கம். பக்கத்தில் ஆர்மோனியம் வாசித்த தம்பி இளையராஜாவுக்கு அது எத்தகைய பாடம்! சொல்லை மாற்றினாலும் மெட்டு ஏன் நிற்கிறது, எந்த இடத்தில் இழுத்தால் அசை உடைகிறது என்பதை விரல் நுனியில் கற்றுத் தரும் வேலை அது. திறந்தவெளிக் கூட்டத்தில் டிக்கெட் கிடையாது. பாட்டு பிடிக்காதவர் எழுந்து போய்விடலாம். எந்த இசைக் கல்லூரியிலும் இப்படிப்பட்ட தேர்வு இல்லை. பிறகு 1960களின் இறுதியில் சென்னை, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பயிற்சி, இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் பணி.

அந்த வெங்கடேஷ் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனிடம் உதவியாளராக இருந்தவர். ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டே இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்தைத் தொட்டுப் பழகியவர் எம்.எஸ்.வி. இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் 1952இல் இளம் வயதிலேயே மறைந்தபோது, அவருடைய குழுவில் இருந்த விஸ்வநாதனும் வயலின் கலைஞர் ராமமூர்த்தியும் ‘தேவதாஸ்’ படத்தின் மீதி வேலையை முடித்துக் கொடுத்தார்கள். தலைவர் போனாலும் குழுவுக்குள் வேலை தெரிந்த கைகள் இருந்தன. குருகுலம் என்ற சொல்லைக் கச்சேரி இசைக்கு மட்டும் நாம் ஒதுக்கி வைத்திருப்பது சரியல்ல.

ரகுமானின் கதையிலும் இதே இழை ஓடுகிறது. மலையாளப் படங்களில் இசை ஒருங்கிணைப்பாளராக விளங்கிய தந்தை ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது மகனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் அந்தச் சிறுவனும் பயின்றான். வளர்ந்து, இளையராஜாவின் குழுவிலும் கீபோர்டு வாசித்தார். அடுத்து விளம்பரப் பாடல்கள். சில நொடிகளுக்குள் ஒரு மெட்டை மனத்தில் ஒட்டவைக்க வேண்டிய தொழில். அது தனி ஆய்வுக்கு உரியது.

மற்ற இசை வகைகளையும் மறந்துவிடக் கூடாது. பாடகர் நாகூர் ஹனிபாவின் குரல் இஸ்லாமிய விழாக்களிலும் திராவிட இயக்க மேடைகளிலும் ஒருசேர உரமேறியது. இலங்கையின் பைலா இசைக்கு வடிவம் கொடுத்த வாலி பஸ்தியன் காவல்துறையில் பணியாற்றியவர். பெண்களுக்கோ இந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டே இருந்தன. பாடகியாக மைக் முன்னால் நின்றார்கள். வாத்தியக்காரர் வரிசையில் நாற்காலி அரிதாகவே கிடைத்தது. இதைப் பற்றி இந்த மாநாட்டில் ஒரே ஒரு கட்டுரைதான் வந்திருக்கிறது என்பது எனக்கு வருத்தம்.

அந்த வாத்தியக்காரர் வரிசையில் அமர்ந்த ஒரு மூத்த வயலின் கலைஞரின் வீட்டில் சென்ற ஆண்டு அவருடைய பழைய நாட்குறிப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஸ்டுடியோ, கால்ஷீட் நேரம், கிடைத்த தொகை. ஒரு பாட்டின் பெயர்கூட இல்லை. நாம் முணுமுணுக்கும் பாடல்களில் எத்தனைக்கு அவர் வில் இழுத்தார் என்று அவருக்கே தெரியாது. சில பக்கங்களின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் நாலைந்து சுரங்கள். ஏன் என்று கேட்டேன். “பிடிச்சிருந்தது, எழுதிக்கிட்டேன்” என்றார்.

அந்தப் பக்கங்களின் நகலை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். எந்தப் பாட்டு என்று அடையாளம் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். மாலையில் அவர் வருகிறார்.