மணநாளுக்கு முந்திய இரவு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் பேச வந்தவன் ஒரு வான் வாடகையைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினால் நீங்கள் வியப்படையலாம். ஆனால் இன்றைய பேச்சுக்கு அதுதான் தொடக்கம்.

சில வாரங்களுக்கு முன் மாத்தளையிலிருந்து எங்கள் உறவுப் பிள்ளை ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் வஹகோட்டை. மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிராமத்தை அறிந்தவர்கள் அங்குள்ள புனித அந்தோனியார் கோயிலையும் அறிந்திருப்பார்கள். கண்டி மன்னர் காலத்தில் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் குடியிருந்த ஊர் என்பது அதைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இன்று அது சிங்களம் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஊர். அந்தக் கோயிலில்தான் திருமணம்.

வந்தவன் பலகாரத்தை வைத்துவிட்டுச் சொன்னான்: "மாமா, கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி கூட்டாளிமார் எட்டுப் பேரும் கொழும்புக்குப் போறோம். பாச்சிலர் பார்ட்டி. வான் ஒன்று பேசியாச்சு. நீங்க கொழும்பில இருந்த ஆள்தானே? எங்க போறது, எத்தனை மணிக்கு எங்க நிக்கிறது என்று ஒரு திட்டம் எழுதித் தாங்களேன்."

நான் ஒரு கொப்பித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியில் 'புறப்படும் நேரம்' என்று எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

இது மேல்நாட்டு வழக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மணவாழ்க்கைக்குள் நுழையுமுன் ஓர் இரவை அடையாளப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் பல மக்களிடம் இருக்கிறது. ஆங்கிலேயர் இதைக் கலைமான் இரவு என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் இதைப் பிரமச்சரிய வாழ்க்கையின் அடக்கம் என்று, ஒரு மரணச் சடங்கின் பெயரால் அழைக்கிறார்கள். ஜெர்மானியர் அந்த மாலையில் பெண் வீட்டு வாசலில் பீங்கான் கோப்பைகளைப் போட்டு உடைப்பார்கள். உடைந்த துண்டுகளை மணமக்கள் இருவரும் சேர்ந்து கூட்டி அள்ளவேண்டும். பிள்ளையார் முன்னிலையில் சிதறு தேங்காய் உடைக்கும் நமக்கு இது விளங்காத காரியமல்ல.

தமிழிலும் இளைஞனுக்குக் காளை என்று பெயர். விடலை என்றும் பெயர். அவர்கள் மானைக் கண்ட இடத்தில் நாம் மாட்டைக் கண்டோம். ஆனால் கால்கட்டுப் போடுவது என்று நாம் கல்யாணத்தைச் சொல்வதும் அந்தக் காளையை நினைத்துத்தான்.

இந்த வழக்கம் இப்போது ஒரு பெரிய வியாபாரமாகிவிட்டது. 1984ஆம் ஆண்டில் இதே பெயரில் ஹொலிவூட்டில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. 2009ஆம் ஆண்டில் வந்த இன்னொரு படத்தில் லாஸ் வேகாஸ் நகருக்குப் போன நண்பர்கள் விடிந்தபோது மாப்பிள்ளையையே தொலைத்துவிட்டிருப்பார்கள். உலகமே சிரித்தது. நகரங்கள் சிரிக்கவில்லை. 2023ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி, குடித்துக் கூத்தடிக்க வரும் பிரித்தானிய இளைஞர்களைப் பார்த்து, தயவுசெய்து வராதீர்கள் என்றே விளம்பரம் செய்தது. 2024ஆம் ஆண்டில் பிராக் நகரமும், மதுச்சாலை மதுச்சாலையாகக் கூட்டிக்கொண்டு போகும் இரவுச் சுற்றுலாக்களுக்குத் தடை விதித்தது. விருந்தாளியைப் பார்த்து ஓர் ஊர் கதவைச் சாத்துவதென்றால் அந்த ஊர் எவ்வளவு பட்டிருக்கவேண்டும்!

நேயர்களே, பெருநகரத்து இரவு தமிழ் இலக்கியத்துக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான மதுரைக்காஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்குடி மருதனார் பாடியது. 782 அடிகள். உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது ஒரு நகரத்தின் இரவு முழுவதும் நமக்குத் திரும்பக் கிடைத்தது. பகற் கடை, இராக் கடை, விளக்கொளி, விழா, பரத்தையர் வீதி என்று மருதனார் யாமம் யாமமாக நம்மைக் கூட்டிச் செல்கிறார். இரண்டாம் யாமத்தில் கடைகளை அடைக்கிறார்கள். பணியாரம் விற்றவர் இருந்த இடத்திலேயே உறங்கிப்போகிறார். மூன்றாம் யாமத்தில் நூலேணி சுற்றிக்கொண்டு திருடர் திரிகிறார்கள். அவர்களைத் தேடி ஊர்காவலர் உறங்காமல் திரிகிறார்கள்.

மருதனார் களிப்பவனை மட்டும் பார்க்கவில்லை. அவனுக்குப் பணியாரம் விற்றுக் களைத்தவனையும் பார்க்கிறார், அவனைக் காப்பவனையும் பார்க்கிறார். ஒருவன் களித்திருக்கும் இரவில் இன்னொருவன் கண்விழித்திருக்கிறான். நம்முடைய வானை ஓட்டும் சாரதியும் அப்படி ஒருவன்தான்.

குடியைப் பற்றியும் நம் பழம் புலவர்கள் பொய்யாக முகம் சுளிக்கவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார் என்பது உண்மை. ஆனால் புறநானூற்று 235ஆம் பாட்டில், மறைந்த அதியமானை நினைத்து அழுகிற ஔவையார் முதலில் நினைப்பது கள்ளைத்தான். கொஞ்சமாகக் கிடைத்தால் அவன் தான் உண்ணாமல் எங்களுக்குத் தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் உண்டு பாட, எஞ்சியதைத் தான் மகிழ்ந்து உண்பான் என்று சொல்கிறார். அவர் நினைத்து உருகுவது போதையை அல்ல, பகிர்ந்த கையை. ஒரு கூட்டத்தில் தலைவன் யார் என்பது குவளை யாரிடம் முதலில் போகிறது என்பதில் தெரிந்துவிடும்.

இனி, தோழனுக்கு வருகிறேன். அகப்பாடல்களில் தலைவனுக்கு ஒரு பாங்கன் உண்டு. காதலில் விழுந்து நிலைகுலைந்து திரியும் தலைவனை அவன் இடித்துரைப்பான். அதைக் கழறுதல் என்பார்கள். இடித்துரைத்த பாங்கனுக்குத் தலைவன் மறுமொழி சொல்வதாகக் குறுந்தொகையில் பல பாட்டுக்கள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், கழறிய அதே பாங்கன்தான் பிறகு தலைவியைக் கண்டுவந்து, தலைவனுக்குத் துணையும் நிற்கிறான். முதலில் தடுத்தவனே பிறகு வழியும் காட்டுகிறான். நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்காக மட்டுமல்ல, எல்லை மீறும்போது முன்வந்து இடிப்பதற்காகவும்தான் என்ற கருத்தை வள்ளுவரும் 784ஆம் குறளில் வைத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துச் சைவக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் யார் தெரியுமா? பெண்ணின் சகோதரன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்று மோதிரம் பெறுகிறவன் அவன்தான். மாப்பிள்ளையின் பக்கத்தில் நிற்பவன் பெண்ணின் நலத்தைக் கருதுகிறவனாக இருக்கவேண்டும் என்று எண்ணித்தானோ என்னவோ, நம் முன்னோர் அப்படி வைத்தார்கள்.

இப்போது, என் பேனா ஏன் ஓடவில்லை என்று சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் நண்பன் ஒருவனுடைய கல்யாணத்துக்கு முந்திய இரவு நாங்கள் ஆறு பேர் கொழும்புக்குப் போனோம். வான் எங்களில் ஒருவனுடையது. சாரதிக்குக் கூலி கொடுப்பானேன் என்று அவனே ஓட்டினான். சாப்பிட்டோம், பாடினோம், குடித்தோம். நள்ளிரவு தாண்டித் திரும்பினோம். ஓட்டியவனும் குடித்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். நான் குடிக்கவில்லை. 'விடிந்து போகலாம்' என்ற இரண்டு சொல் என் வாய்வரை வந்தன. நல்ல நேரத்தைக் கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு எதற்கு என்று விழுங்கிவிட்டேன்.

குருநாகல் தாண்டி ஒரு மதகில் வான் மோதியது. யாரும் சாகவில்லை. மாப்பிள்ளையின் இடக்கை முறிந்தது. மறுநாள் கோயிலில் அந்தக் கை மாவுக்கட்டில் இருந்தது, விரல்கள் வீங்கியிருந்தன. மணமகள் மோதிரத்தை எடுத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு அவனுடைய வலக்கையைப் பிடித்து அதிலே போட்டாள். பின்னால் இருந்த அவளுடைய தகப்பன் நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

விருந்தில் அவள் என்னிடம் வந்தாள். கோபமாகப் பேசவில்லை. "அண்ணா, நீங்களும் அந்த வானிலேதானே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் ஓம் என்றேன். அவள் போய்விட்டாள்.

நேயர்களே, கழறுதல் என்றால் என்ன என்று உரையாசிரியர்கள் விளக்கியதை நான் படித்திருக்கிறேன். எனக்கு அது விளங்கியது அந்தக் கேள்வியில்தான். ஒரு பாங்கன் செய்யவேண்டிய நேரத்தில் செய்யாததை அந்தப் பெண் எனக்குச் செய்துவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் எங்கள் பிள்ளையிடம் சொன்னேன். சொல்லிவிட்டுத் திட்டத்தையும் எழுதினேன். வேண்டாம் என்று எழுதவில்லை. இளைஞர்கள் ஒன்றுகூடிச் சிரிக்கவேண்டிய இரவு அது. எழுதியதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மாப்பிள்ளை இருக்கலாம்.

ஒன்று, முதல் நாள் வேண்டாம். ஒரு வாரம் முந்தி வையுங்கள். மணநாளுக்கு முந்திய இரவு தாய்க்கும் தகப்பனுக்கும் உரியது. நாளைக் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். போயா தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும். கூட்டத்தில் இருபத்தொரு வயது நிரம்பாத தம்பிமார் இருந்தால் அவர்களுக்கு மது விற்பதே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அவர்களுக்காக வேறு குவளை இருக்கட்டும்.

இரண்டு, எட்டுப் பேரில் குறைந்த சம்பளக்காரன் யாரோ, அவனால் எவ்வளவு முடியும் என்று முதலில் தனியே கேளுங்கள். அந்தத் தொகைதான் ஆளுக்கான பங்கு. அதற்கு மேலே வேண்டுமானால் இருப்பவன் பேசாமல் போடட்டும். அதியமான் கணக்கு அது.

மூன்று, காலையிலேயே போய் முதலில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயிலுக்குச் செல்லுங்கள். வஹகோட்டை அந்தோனியார் முன் தாலி கட்டப்போகிறவன் கொழும்பு அந்தோனியாரைக் கண்டுவிட்டுப் போகட்டும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கோயில் அது. அங்கே மெழுகுதிரி ஏற்றும் எவருக்கும், வீட்டிலிருந்து புறப்பட்டவர் திரும்பி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

நான்கு, மாலையில் காலிமுகத்திடல். இறால் வடை, கடற்காற்று, பட்டம் விடும் பிள்ளைகள். 1859ஆம் ஆண்டில் அந்த நடைபாதையை முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணிக் காக்கும்படி தமக்குப் பின் வருவோரைக் கல்லில் எழுதிக் கேட்டுக்கொண்டார். ஆண்பிள்ளைகள் கூட்டமாகப் போகும்போது அந்தக் கல்லை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. அங்கே நடந்துபோகும் பெண் எவளும் உங்களைக் கண்டு வழி விலகக்கூடாது.

ஐந்து, இரவுச் சாப்பாடு, கொத்து ரொட்டி, பாட்டு. அதன்பின் எங்கும் பயணம் இல்லை. கொழும்பிலேயே உறங்குங்கள். வானை ஓட்டுகிறவர் கூலிக்கு வந்த சாரதியாக இருக்கட்டும். அவருக்கும் ஒரு கட்டில், உங்களுக்குப் போலவே ஒரு சாப்பாடு. விடிந்தபிறகு திரும்புங்கள்.

கடைசியாக, எட்டுப் பேரில் ஒருவனைப் பாங்கனாக முன்கூட்டியே நியமியுங்கள். அவன் போதும் என்றால் போதும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது.

பிள்ளை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "பெண்ணோட தம்பியையும் கூட்டிட்டுப் போகவா மாமா? அவனுக்குச் சிங்களம்தான் வரும், எங்களில ரெண்டு பேருக்குச் சரியாப் பேச வராது" என்றான். "கூட்டிக்கொண்டு போ, அவனையே பாங்கனாகப் போடு" என்றேன்.

பட்டினப்பாலைத் தலைவன் தன் நெஞ்சைப் பார்த்து, காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்கிறான். 301 அடிகளில் பெரும்பகுதி அந்த நகரத்தின் வளம்தான். அவ்வளவு வளத்தையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீடு பெரிது என்று முடிவு செய்கிறான். நகரத்தைப் பார்க்காமல் வந்த முடிவல்ல அது. நம் பிள்ளைகளும் நகரத்தை நன்றாகப் பார்க்கட்டும். பார்த்துவிட்டுப் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.

அந்தப் பழைய நண்பனைப் பற்றிக் கேட்பீர்கள். நன்றாக இருக்கிறான், பேரப்பிள்ளையும் கண்டுவிட்டான். கை எப்போதோ குணமாகிவிட்டது. மோதிரம் மட்டும் இன்றும் வலக்கையிலேதான் இருக்கிறது. அவனுடைய வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தேநீர்க் கோப்பையை அவன் அந்தக் கையாலேதான் எனக்கு நீட்டுகிறான்.