தேக்காவில் வழி மறந்து நிற்பவர்

 விருந்துக்கு முன்னால் பேச வருபவனுக்கு எவ்வளவு பொறுமை கிடைக்கும் என்று தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுமை மறதி நோய் என்று மனநலக் கழகத்தின் 2013 ஆய்வு சொன்னது. 2023 ஆய்வில் அது 8.8 விழுக்காடு. விகிதம் இறங்கியிருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் மூத்தவர்கள் பெருகுவதால் நோயுள்ளவர்களின் தலைக்கணக்கு ஏறித்தான் இருக்கிறது.

இவர்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதா? 2016இல் யீஷூன் வட்டாரம் வேறு வழி காட்டியது. லியன் அறநிறுவனமும் கூ டெக் புவாட் மருத்துவமனையும் கைகோத்து, கடைக்காரர், வங்கி ஊழியர், மாணவர் என்று வட்டாரத்து ஆட்களுக்கே மறதி உள்ளவர்களுடன் பழகப் பயிற்சி கொடுத்தன. அதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எதிரில் வந்து நின்று, நிதானமாக, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "காசு அப்பவே கொடுத்துட்டேனே" என்று பெரியவர் சாதித்தால் மல்லுக்கு நிற்காமல் இருப்பது. வழி தவறியவரை அழைத்துப் போய் உட்காரவைக்க இப்போது தீவெங்கும் உதவி மையங்கள் இருக்கின்றன. கெபுன் பாரு வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்குகளின் சுவர்களில் பழகிய பொருள்களைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். புளோக் எண் மறந்தவருக்குப் படம் வழி சொல்லும். எல்லா புளோக்கும் ஒரே மாதிரி நிற்கும் ஊரில், மறதி இல்லாத எனக்கே அது உதவிதான்.

தமிழர்களான நம் பங்கு எங்கே வருகிறது? மொழியில். இந்த நோயில் பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவுவதும் உண்டு. ஆயுள் முழுக்க மலாயும் ஆங்கிலமும் பேசி வேலை பார்த்தவர், கடைசியில் தமிழில் மட்டும் பேசக்கூடும். பேருந்து நிலையத்தில் ஆங்கிலத்தில் விசாரித்தால் விழிப்பார். அவர் கால்கள் எங்கே போகும்? வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில், தேக்கா சந்தை. ஆகவே பயிற்சி வேண்டியது பூக்கட்டும் அம்மாவுக்கு, மளிகைக் கடைத் தம்பிக்கு, காசு மாற்றும் அண்ணனுக்கு, கோயில் அலுவலகத்தில் இருப்பவருக்கு.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இந்த நோய் இருப்பதை நாம் மறைக்கிறோம். "வயசானா மறதி சகஜம்" என்று மூடிவைத்து, கல்யாணங்களுக்குக்கூட அப்பாவை அழைத்து வருவதில்லை. சொந்தக்காரரிடமே சொல்லாதவர் தெருமுனைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வார்? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பயிற்சி இருந்து என்ன பயன்? பணத்தட்டுப்பாட்டைவிட இந்தக் கூச்சம்தான் பெரிய தடை என்பது என் எண்ணம்.

நம் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். தேக்காவில் தீபாவளிக் கூட்டம் சேருமுன் ஒரு ஞாயிறு பிற்பகலை ஒதுக்குங்கள். பயிற்சி தர டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பைக் கேட்போம். தமிழில் எடுத்துச் சொல்ல நம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேநீர்ச் செலவு என்னுடையது. கடை கடையாகப் போய் அழைக்கத்தான் ஆள் வேண்டும். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் பெயர் எழுதுங்கள்.