வேலையை விட்டு நிலத்தில் இறங்கலாமா?



பட்டமளிப்பு மேடைகளில் கனவுகளைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இன்றைய பேச்சு பட்டா, சிட்டா, வில்லங்கம் பற்றியது. காரணம் இருக்கிறது. நல்ல வேலையில் இருக்கும் முப்பது வயதுக்காரரிடம் அடுத்து என்ன என்று கேட்டால், "ரெண்டு பிளாட் வாங்கிப் போட்டிருக்கேன். இன்னும் நாலு வாங்கிட்டா வேலையை விட்டுட்டு முழுநேரமா இதுல இறங்கிடலாம்" என்ற பதில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் சாதாரணமாகிவிட்டது. 2017-ல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2024-ல் நகராட்சி மாநகராட்சியானது. இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் ஊர் எல்லையில் கொடி நட்ட மனைப்பிரிவுகள் முளைக்கின்றன. இன்று பட்டம் வாங்குகிறவர்களில் சிலருக்கும் இன்னும் சில வருடங்களில் இந்த யோசனை வரும். வருவதில் தவறில்லை.

சம்பளத்தை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்குவது இந்த மண்ணுக்குப் புதிய ஆசையும் அல்ல. ராயவரம், கடியாபட்டி, அரிமளம், குழிபிறை, நச்சாந்துபட்டி, கோனாபட்டு என்று இந்த மாவட்டத்து நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களிலிருந்து பையன்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறினார்கள். கொண்டுவிக்கப் போவது என்று அதற்குப் பெயர். போன உடனே யாரும் முதலாளி ஆகிவிடவில்லை. பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பிறகுதான் இன்னொருவர் கடைக்கு ஏஜெண்டாக உட்கார முடியும். ஏஜெண்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருட ஒப்பந்தம், பேசிய சம்பளம். தவணை முடிந்ததும் ஊருக்கு வந்து முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பேரேடும் ஐந்தொகையும் கைக்குப் பழகி, ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் நாலு பேர் நம்பும் அளவுக்குப் பெயரும் எடுத்த பிறகே, சிலர் சம்பளத்தை விட்டுத் தன் விலாசத்தில் கடை திறந்தார்கள்.

அவர்கள் செய்தது கடன் தொழில். நிலம் வாங்கி விற்கும் எண்ணம் பெரும்பாலோருக்கு இருந்ததில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐராவதி கழிமுகத்தின் சதுப்புக் காடுகள் வேகமாக நெல் வயல்களாக மாறின. காட்டைத் திருத்தும் பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டும். அதைச் செட்டியார் கடைகள் கொடுத்தன, நிலம் ஈடாக நின்றது. நெல் விலை நன்றாக இருந்தவரை அசலும் வட்டியும் வந்தன. 1930-ல் உலகப் பொருளாதார மந்தம் நெல் விலையைக் கவிழ்த்தது. கடன் வாங்கியவரால் கட்ட முடியவில்லை. ஈடாக நின்ற நிலம் கடைக்காரர் பேருக்கு மாறத் தொடங்கியது.

கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்று. 1930-ல் அங்கே சாகுபடி நிலத்தில் 6 சதவீதம், அதாவது சுமார் 5,70,000 ஏக்கர், செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம், ஏறத்தாழ 24,68,000 ஏக்கர்.

காகிதத்தில் பார்த்தால் இது பெருஞ்செல்வம். கணக்கு எழுதியவர்களுக்கோ வயிற்றைக் கலக்கியது. கடைக்கு வைப்பு வைத்த உறவினருக்கும், கடன் கொடுத்த வங்கிக்கும் ரொக்கமாகத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். வந்ததோ வயல். அதை வாங்க ஆள் இல்லை. குத்தகை நெல்லாக வந்தது, அந்த நெல்லுக்கு விலை இல்லை. நிலத்தை இழந்த விவசாயியின் கோபம் தனியாக வளர்ந்தது, அதிலும் நியாயம் இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் ரங்கூனில் விழுந்தன. கடைகளைப் பூட்டிவிட்டு ஓடிவந்தவர்களில் பலர் திரும்பிப் போகவே இல்லை. விடுதலை பெற்ற பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. லட்சக்கணக்கான ஏக்கருக்கான பத்திரங்கள் இங்கே பெட்டகங்களில் வெறும் தாளாகக் கிடந்தன.

ஆனால் எல்லோரும் மூழ்கிவிடவில்லை. பள்ளத்தூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-ல் மௌல்மீனில் கடை தொடங்கியவர். அந்தக் குடும்பம் 1930-களிலேயே, போர் வருமுன்பே, மூலதனத்தை இந்தியாவுக்கு நகர்த்திவிட்டது. 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் பிறந்தது அந்தப் பணத்தின் தொடர்ச்சிதான். தொழில் இரு தரப்புக்கும் ஒன்றுதான், கெட்டிக்காரத்தனத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. எடுக்க வேண்டிய நேரத்தில் பணத்தை வெளியே எடுக்க முடிந்ததா என்பதே அவர்களைப் பிரித்தது.

நில முதலீட்டில் பலர் கவனிக்காத ஆபத்து இதுதான். விலை இறங்குவதைவிட, தேவைப்படும் நாளில் விற்க முடியாமல் போவது பெரிய கஷ்டம். இதற்குப் பர்மா வரை போக வேண்டியதில்லை. திருமயம் பக்கத்து நாட்டுக்கோட்டை வீடுகளைப் பார்த்தாலே போதும். ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பங்குக் குடும்பங்கள். ஒரு பங்காளி சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். எல்லோர் கையெழுத்தும் ஒரே பத்திரத்தில் விழுந்தால்தான் விற்க முடியும். விழுவதில்லை. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. வேறு சிலவற்றில் வீட்டைப் பிரித்து, பர்மா தேக்குத் தூணையும் கதவையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குக் கொடுத்தார்கள். தூண் விற்றது, மனை அப்படியே நிற்கிறது.

இன்றைய கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் மனைக்கு 1.8 லட்சம் அங்கேயே போய்விடும். அந்த 21.8 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு மூன்று வருடம் வைப்பில் போட்டால் சுமார் 26.7 லட்சம். மனையை விற்கும்போது தரகு 2 சதவீதம் என்று வைத்தால், 27 லட்சத்துக்கு மேல் விற்றால்தான் வைப்புத்தொகையோடு சமம். வரிக்கணக்கை இதில் சேர்க்கவே இல்லை. ஆண்டுக்குச் சுமார் பதினொரு சதவீதம் விலை ஏறினால் அது லாபம் அல்ல, தொடக்கக் கோடு. ஏறுகிற இடங்கள் உண்டு. எல்லா இடமும் ஏறாது.

மனைக்கு வாடகையும் இல்லை. வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் இந்திய நகரங்களில் பெரும்பாலும் வீட்டு விலையில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வரும். மாதம் 40,000 ரூபாய் சம்பளத்துக்கு ஈடாக வாடகை வேண்டுமென்றால், 3 சதவீதக் கணக்கில் 1.6 கோடி ரூபாய்ச் சொத்து கையில் இருக்க வேண்டும். அதுவும் கடன் இல்லாமல். கடன் கொடுக்கிற வங்கி முதலில் கேட்பதே சம்பளச் சீட்டைத்தான். வேலையை விட்ட மாதத்திலிருந்து அதே ஆள், அதே நேர்மை, அதே திறமை, ஆனால் கடன் தகுதி குறைந்துவிடும் அல்லது இல்லாமலே போகும். முழுநேர நில முதலீட்டுக்கு எரிபொருள் கொடுத்துவந்தது விட்டுவிட்டு வந்த அந்த வேலைதான் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிகிறது.

சட்டம் திடீரென்று கதவைச் சாத்தும் என்பதற்கும் சமீபத்திய உதாரணம் உண்டு. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவுசெய்ய 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாவதைத் தடுக்க அது தேவையான தலையீடு. ஆனால் விற்று மகள் கல்யாணத்தை நடத்தலாம் என்றிருந்தவர் பத்திர ஆபீஸ் வாசலில் நின்றார். இரண்டு மாதத்தில், நவம்பர் 8 அன்று, பணமதிப்பு நீக்கமும் சேர்ந்துகொண்டது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் சந்தை மூச்சு விட்டது. வேலையில் இருந்தவர்கள் அந்த மாதங்களைச் சம்பளத்தில் ஓட்டினார்கள். மனை மட்டுமே வைத்திருந்தவர்கள் வட்டிக்கு வாங்கினார்கள்.

இந்தியாவின் மிகப்பெரிய நில நிறுவனங்களில் ஒன்றும் இந்த அடியை வாங்கியதுதான். டி.எல்.எஃப். நிறுவனத்தை 1946-ல் தொடங்கியவர் சௌத்ரி ராகவேந்திர சிங். கிரேட்டர் கைலாஷ், சவுத் எக்ஸ்டென்ஷன் போன்ற டெல்லிக் குடியிருப்புகள் அந்நிறுவனம் உருவாக்கியவை. 1957-ல் டெல்லி வளர்ச்சிச் சட்டம் வந்ததும் தலைநகரில் தனியார் மனைத்தொழில் முடிந்தது. ராணுவ அதிகாரி வேலையை விட்டுவந்த மருமகன் கே.பி. சிங், பின்னாளில் குர்கானில் விவசாயிகளிடமிருந்து சுமார் 3,500 ஏக்கரை, பெரும்பகுதியைக் கடன் சொல்லி, சேர்த்தார். 2007-ல் பங்கு 525 ரூபாய்க்கு வெளியானது. 2008 ஜனவரியில் 1,200-ஐத் தாண்டியது. 2009 மார்ச்சில் 200-க்கும் கீழே. அத்தனை பெரிய நிறுவனம் தாங்கிக்கொண்டது. ஆறு மனை வைத்திருக்கும் தனி மனிதர் தாங்குவாரா என்பது வேறு கேள்வி.

அப்படியானால் யாருமே வேலையை விடக் கூடாதா? அப்படி இல்லை. இந்த ஊர்க்காரரான நடிகர் ஜெமினி கணேசன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். அதை விட்டதும் நேராகக் கதாநாயகனாகிவிடவில்லை. ஜெமினி ஸ்டூடியோவில் இன்னொரு சம்பளத்தில் சேர்ந்து, தொழிலை உள்ளிருந்து பார்த்து, நாயகனாக நிலைபெற்றது 1950-களில். சினிமாவுக்கே இவ்வளவு நிதானம் தேவைப்பட்டது.

நிலத்தில் முழுநேரம் இறங்குவது என்றால், முதலீடு என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு அதை ஒரு வேலையாகப் பார்ப்பது நல்லது. வேலை என்ன? மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை உரிமை எப்படிக் கைமாறியது என்று படிப்பது. அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் என்னவென்று பார்ப்பது. ஆயிரக்கணக்கான கண்மாய்கள் உள்ள மாவட்டம் இது, கண்மாய்ப் புறம்போக்கு மனையாகி விற்பனைக்கு வந்தால் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். சமஸ்தானக் காலத்து இனாம் நிலங்களின் கதை தனி, கோயில் நிலமா தனியார் நிலமா என்ற வழக்கு பேரன் காலம்வரை நீளும். வில்லங்கச் சான்றில் வாய்மொழிப் பாகப்பிரிவினை தெரியாது, பதிவாகாத ஒப்பந்தம் தெரியாது. பத்திரம் பதிவாகிவிட்டதால் உரிமை உறுதியாகிவிடாது என்பதும் முக்கியம். விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று சொல்லி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(1)-ஐ ரத்து செய்தது.

தரகர் வாய்மொழியையும் எடைபோட வேண்டும். "பைபாஸ் வருது, கம்பெனி வருது" என்பது இந்தத் தொழிலின் தேசிய கீதம். 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களில் ஹைட்ரோகார்பன், உருக்காலை போன்ற தொழில்கள் புதிதாக வருவதைத் தடுக்கிறது. நெடுவாசல் மக்கள் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக 2017-ல் நடத்திய போராட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரியும். அங்கே போய்ப் பெரிய ஆலை வரும் என்று சொல்லி நிலம் விற்பவரிடம் சட்டத்தின் பட்டியலை ஒருமுறை படித்துக்காட்டலாம்.

இதையெல்லாம் கற்க வேலையை விட வேண்டியதில்லை. பட்டா, புல வரைபடம், வில்லங்க விவரம் எல்லாம் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அதை விற்றுத் தரும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். வணிகவியல் படித்தவருக்கு வரிக்கணக்கும், வரலாறு படித்தவருக்கு இனாம் ஆவணமும், புவியியல் படித்தவருக்கு நீரோட்டமும் சீக்கிரம் பிடிபடும். ஆவணம் பார்த்துத் தருவதையே சம்பளத் தொழிலாக வக்கீல் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் சில வருடங்களுக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைத்தால், அடுத்தவர் பணத்தில் நூறு பத்திரம் படித்த அனுபவம் வந்துவிடும். அதற்குப் பிறகு வேலையை விடுவதா என்று முடிவு செய்யும்போது, கையில் ஒரு வருடக் குடும்பச் செலவு ரொக்கமாக இருக்கிறதா என்று வீட்டில் அம்மாவோ மனைவியோ கணவரோ கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும்.