வாசகமும் பீடமும்

ஜெலாப்பாங்குக்கு அருகே சிலிபின் லூர்து மாதா கோயிலில், வெள்ளங்கி அணிந்து குருவின் பக்கத்தில் நிற்கும் இளைஞர் சில வேளை குருமாணவராக இருப்பார்.

பினாங்குப் பொதுக் குருமடம் 1665இல் சயாமில் தோன்றி, 1808இல் பினாங்கு வந்தது. அக்காலத்து மாணவர் இலத்தீனில் பூசை கற்றனர். 1962–65இல் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தால் தமிழில் திருப்பலி வந்தது. வேலை எளிதாயிற்று என்று எண்ணாதீர்கள்! இலத்தீனில் தடுமாறினால் நமக்குத் தெரியாது; தமிழில் தடுமாறினால் முன்வரிசைப் பாட்டியே நிமிர்ந்து பார்ப்பார்.

1972ஆம் ஆண்டு ஆணைப்படி, வாசகர், பீடத்துணைவர் என்னும் இரு பணிகளை ஏற்ற பிறகே அவர் தியாக்கோன் ஆகலாம். வாசகர் மறைநூலை வாசிப்பார். பீடத்துணைவர் பீடத்தில் உதவுவார், தேவைப்பட்டால் நற்கருணையும் வழங்குவார். குருமடத்தில் பாடம் ஆங்கிலத்தில். பங்கிலோ தமிழ் வேண்டும். ஆறாம் வகுப்போடு தமிழை விட்ட பிள்ளை அங்கே திண்டாடுவான். 2021 முதல் பெண்களும் இப்பணிகளை முறைப்படி ஏற்கலாம். ஆகவே மகளையும் வீட்டில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.