குட்டைக்கும் உறை ஊத்தணும்

இந்த வருஷம் மூணு குழு இறால் குட்டை எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. லாபத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் முதல்ல நஷ்டத்தைச் சொல்லிடறேன்.

வேதாரண்யம் பக்கம் ஒரு ஏக்கர் குட்டையை நாங்க பத்துப் பேர் குத்தகைக்கு எடுத்தோம். கடன் 5 லட்சம். அதுல 4,000 ரூபாய்க்கு நல்ல பாக்டீரியாப் பொடி வாங்கினோம். புரோபயாடிக்னு சொல்றாங்களே, அது. குஞ்சு விடறதுக்கு முன்னால தண்ணியில கிருமி சாகட்டும்னு பிளீச்சிங் பவுடர் போட்டோம். மறுநாளே அந்தப் பொடியையும் கரைச்சு ஊத்திட்டோம். கெட்டதைக் கொல்ற குளோரின் நல்லதை மட்டும் விட்டு வைக்குமா? கொதிக்கிற பாலில் யாராவது உறை ஊத்துவோமா? வீட்டில் தினமும் செய்யிற வேலை, குட்டைக்கரையில் மறந்துபோச்சு. குளோரின் வெயில்ல அடங்கச் சில நாள் விட்டிருக்கணும். 4,000 ரூபாய் தண்ணியோட போச்சு.

இறாலை உரிக்கும்போது முதுகில் கறுப்பா ஒரு நூலை உருவிப் போடுறோமே, அதுதான் அதோட குடல். இறால் தின்னுறதும் கழிக்கிறதும் ஒரே தண்ணியில. அதனால குட்டையில என்ன கிருமி இருக்கோ அது குடலுக்கும் போயிடும். விப்ரியோங்கிற கிருமி உப்புத்தண்ணியில எப்பவும் உண்டு. தீவனம் மிஞ்சி அடியில அழுகினா பெருகிடும். அதுல ஒரு வகை இருந்தா, ராத்திரி தண்ணியைக் கலக்கினா மின்மினி மாதிரி ஒளிரும். பார்க்க அழகாத்தான் இருக்கும், நமக்குத்தான் வயித்தைக் கலக்கும். பேசில்லஸ், லாக்டோபேசில்லஸ் மாதிரி நல்லது முன்னாடியே இடம் பிடிச்சிருந்தா, இரையையும் இடத்தையும் அது எடுத்துக்கிட்டு விப்ரியோவை நெருக்கும். பேசில்லஸ் அடிக்கழிவையும் தின்னும். தயிரைப் புளிக்க வைக்கிறதும் லாக்டோபேசில்லஸ் இனம்தான்.

நாப்பத்தஞ்சாம் நாள் குட்டை மூலையில வெள்ளை வெள்ளையா நூல் மிதந்தது. இறாலோட கழிவு. செக் ட்ரேயைத் தூக்கினா தீவனம் அப்படியே இருக்கு. மருந்து விக்கிற ஒருத்தர், "இந்த மாத்திரையைத் தீவனத்துல கலந்து போடுங்கம்மா, மூணே நாள்ல சரியாயிடும்"னார். எங்க தங்கச்சி ஒருத்தி பர்ஸையே எடுத்துட்டா. அது ஆன்டிபயாட்டிக். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் எல்லாம் இறால் பண்ணையில தடை. ஏற்றுமதிக்குப் போற இறாலைச் சோதிச்சுப் பார்க்கிறாங்க. மிச்சம் தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. அதோட அது நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்லும், கெட்டதுக்கு மருந்து பழகிப்போகும். வேண்டாம்னுட்டோம். அன்னைக்கு ராத்திரி பத்துப் பேருல யாருக்கும் தூக்கமில்லை.

தீவனத்தைப் பாதியாக் குறைச்சோம். அடிச்சேத்தை இழுத்து வெளியேத்தினோம். புதுப் பொடி வாங்கி, முட்டை வெள்ளைக்கருவில் குழைச்சுத் தீவனத்தில் பிசறி, நிழல்ல உலர்த்திப் போட்டோம். வெயில்ல காய வைக்கக்கூடாது. பத்து நாள்ல வெள்ளை நூல் குறைஞ்சது. பொடி மட்டும் செஞ்ச வேலைன்னு நான் சொல்லமாட்டேன், சேறு எடுத்ததும் வேலை செஞ்சது. இருந்தும் அந்த அறுவடையில ஆளுக்கு 6,000 ரூபாய் கைநஷ்டம். அடுத்த ரெண்டு அறுவடையிலதான் கடன் அடைஞ்சது.

வெள்ளைப்புள்ளி நோய் வைரஸ். அதுக்கு எந்தப் பொடியும் மருந்தில்லை. சோதிச்ச குஞ்சுதான் வாங்கணும். பாக்கெட்ல என்ன பாக்டீரியா, எத்தனை, எப்போ காலாவதின்னு போடலைன்னா வாங்காதீங்க. தண்ணியில பொடி ஊத்தற அன்னைக்கு ஏரேட்டர் கட்டாயம் ஓடணும், அந்தப் பாக்டீரியாவும் மூச்சு விடுதில்ல? கரண்ட் போற நாள்ல ஊத்தாதீங்க. கடலோர மீன் வளர்ப்பு ஆணையத்துல பதிவு பண்ணாம குஞ்சு விடாதீங்க.

மத்ததை நேர்ல பார்த்தாத்தான் புரியும். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தீவனம் போடுவோம், வாங்க. செருப்பைக் கரையிலேயே விட்டுட்டு, கால் கழுவிட்டு உள்ளே வரணும்.