கரித்துணியின் கூலிக் கணக்கு

இன்னைக்கு நான் பேசப் போறது ஒரு சின்னத் துணியைப் பத்தி. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கப் பிடிக்கிற துணி, கழுவின தட்டைத் துடைக்கிற துணி. ஆன்லைன் கடையில 'கிச்சன் டவல்'னு போட்டிருப்பாங்க. நம்ம வீடுகள்ல அதுக்குப் பேரு கரித்துணி.

கரித்துணியை நம்ம வீடுகள்ல யாரும் காசு கொடுத்து வாங்கிப் பழக்கமில்லை. அப்பாவோட வேட்டி நைஞ்சு போனா கிழிச்சு அடுப்படிக்கு வரும். அங்கேயும் தேய்ஞ்சா தரை துடைக்கப் போகும். அப்படிப்பட்ட துணியைத்தான் நான் புதுசா நெய்து விற்கிறேன். கோவில்பட்டியில எங்க வீட்டு முன்னறையில ஒரு சட்டத்தறி கிடக்கு. நாலு வருஷமா அதுதான் என் வேலை.

வாங்குறவங்க பெரும்பாலும் சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கிற, உங்களை மாதிரி ஆட்கள். ஒரு துணி 240 ரூபாய். "கரித்துணிக்கு இவ்வளவா?"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்வி. சூப்பர் மார்க்கெட்ல 50 ரூபாய்க்கே கிடைக்குதே. அந்த 240 ரூபாய் எப்படி வருதுன்னு இன்னைக்கு முழுசாச் சொல்லிடுறேன். அதுக்கு மண்ணிலிருந்து தொடங்கணும்.

கோவில்பட்டியைச் சுத்தி எல்லாம் கரிசல். மழை பெஞ்சா காலைப் பிடிச்சு இழுக்கும், கோடையில கை நுழையிற அளவுக்கு வெடிக்கும். ஆனா குடிச்ச தண்ணியை அடியில பத்திரமா வச்சிருக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைச்சா, மழை நின்ன பிறகும் அந்த அடி ஈரத்திலேயே ஒரு நாட்டுப் பருத்தி வேர் விட்டு வளரும். அதுக்குப் பேரு கருங்கண்ணி. கோவில்பட்டியில 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துடுச்சு. அங்கிருந்து வந்த பருத்தி ரகங்களுக்கு கே-11 மாதிரிப் பேரு இருக்கும். அந்த 'கே' எங்க ஊர்தான்.

கருங்கண்ணியோட இழை குட்டை. அதுல மெல்லிய நூல் நூற்க முடியாது. ஆலைகளுக்கு நீள இழை வேணும். அதனால கம்போடியா பருத்தி வந்தது, பிறகு வீரிய ஒட்டு ரகங்கள், 2002-க்குப் பிறகு பி.டி. பருத்தி. கருங்கண்ணி மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போயிடுச்சு. இப்போ துலா மாதிரி சில அமைப்புகள் நாட்டுப் பருத்தியை விவசாயிகிட்ட வாங்கித் துணியாக்குறாங்க. அதனால அந்தப் பேரு மறுபடியும் காதுல விழுது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. கரித்துணிக்கு எதுக்கு மெல்லிய நூல்? அது தண்ணியை உறிஞ்சணும், சூடு கைக்கு ஏறாமத் தடுக்கணும், தினமும் துவைச்சாலும் தாங்கணும். அதுக்குத் தடிச்ச நூல்தான் சரி. சேலைக்கு ஆகாதுன்னு தள்ளி வச்ச பருத்தி, அடுப்படிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு. நான் கரித்துணியைத் தேர்ந்தெடுத்ததுக்கு இதுதான் காரணம்.

இப்போ தறிக்கு வருவோம். நூலுக்கு ஒரு நம்பர் உண்டு. 840 கஜம் நீளமுள்ள சிட்டம், ஒரு பவுண்டு எடையில எத்தனை வருதோ அதுதான் நம்பர். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நான் எடுக்கிறது 10-ஆம் நம்பர், ரெண்டு இழை சேர்த்து முறுக்கினது.

என் துணி 18 அங்குல அகலம், 28 அங்குல நீளம். நீளவாக்குல ஓடுற நூல் பாவு, குறுக்கே போறது ஊடை. அங்குலத்துக்கு 24 இழை வைக்கிறேன். அப்போ பாவுல மட்டும் 432 இழை. நீளத்துக்கு 28-ஐ 24-ஆல் பெருக்கினா, நாடா 672 தடவை குறுக்கே ஓடணும். ஒவ்வொரு தடவையும் மிதியை மிதிக்கணும், கயித்தை இழுக்கணும், பலகையை ஓங்கி அடிக்கணும். பாவு, ஊடை, சேதாரம் எல்லாம் சேர்த்தா ஒரு துணிக்கு ஏறக்குறைய 740 கஜம் நூல் போகுது. நீட்டி வச்சா அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். எடை பார்த்தா 80 கிராம்தான்.

கை ஓடுறப்போ நிமிஷத்துக்கு 15 ஊடை போடுவேன். அப்போ ஒரு துணிக்கு முக்கால் மணி நேரம். வீடியோவுல நீங்க பாக்குறது இந்த முக்கால் மணி நேரத்தைத்தான். தறிச் சத்தம் கேட்கும், துணி வளர்றது தெரியும், பாக்க நல்லா இருக்கும்.

வீடியோவுல வராத வேலை ஒண்ணு இருக்கு. நான் ஒரு பாவுக்கு 12 துணி நெய்வேன். அதுக்கு முன்னாடி 432 இழையையும் ஒரே நீளத்துக்கு ஓட்டணும். கஞ்சி போட்டுக் காய வைக்கணும். ஒவ்வொரு இழையையும் விழுதுக் கண்ணில் நுழைச்சு, அச்சுப் பல்லில் இழுக்கணும். கைதேர்ந்த நெசவாளிகள் பழைய பாவோட நுனியில புதுப் பாவைப் புணைச்சு இந்த வேலையைக் குறைச்சுக்குவாங்க. அப்படியும் பொறுமை வேணும். அப்புறம் ஊடைக்குத் தார் சுத்தணும். நெய்து முடிச்சதும் ஓரம் மடிச்சுத் தைக்கணும், கஞ்சி போகத் துவைக்கணும்.

எங்க ஊர்ல இன்னொரு சங்கடமும் உண்டு. காத்து வறண்ட காத்து. தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்ற உதவின அதே வறட்சி, நூலுக்கு எதிரி. பருத்தி நூல் ஈரத்தில பலமா இருக்கும், காய்ஞ்சா பட்டுப் பட்டுன்னு அறும். அந்தக் காலத்துல குழித்தறி போட்டதுல ஒரு நன்மை, மண்ணோட குளிர்ச்சி பாவுக்குக் கிடைக்கும். என் தறி தரைக்கு மேல நிக்குது. அதனால கோடையில தரையில தண்ணி தெளிச்சு, விடியறதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடுவேன். பத்து மணிக்கு மேல நெய்தா, இழை முடியறதுக்கே நேரம் போதாது.

கூட்டிப் பார்க்கலாம். 12 துணிக்கு நெசவு 9 மணி நேரம். பாவு ஓட்டுறதுல இருந்து தார் சுத்துறது வரைக்கும் 12 மணி நேரம். தையல், துவைப்பு 3 மணி நேரம். மொத்தம் 24. ஒரு துணிக்கு 2 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய்னு வச்சா கூலி 120. நூலுக்கு 40. தறித் தேய்மானம், பார்சல், விக்காம நிக்கிற துணி, இதுக்கெல்லாம் 80. ஆக 240. எட்டு மணி நேரம் உழைச்சா ஒரு நாளைக்கு 480 ரூபாய். இதுல ஆடம்பரம் எங்கே இருக்கு, சொல்லுங்க.

அந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்க. நெசவு 9 மணி நேரம், மத்ததெல்லாம் 15. அந்த 15-ல பாதிக்கு மேல என் அம்மாவோட கை. தார் சுத்துறது அவங்க, கஞ்சி காய்ச்சுறது அவங்க, இழை அறுந்தா கண்ணாடியை மாட்டிட்டு வந்து எடுத்துக் குடுக்குறதும் அவங்க. முதல் வருஷக் கடைசியில அவங்க மணி நேரத்தைக் கூட்டி ஒரு கவர்ல பணம் வச்சுக் கொடுத்தேன். கோவிச்சுக்கிட்டாங்க. "எனக்கு எதுக்குடி கூலி? நான் என்ன வேலைக்காரியா?"ன்னாங்க.

"வெளியில ஆள் வச்சா குடுப்போம்ல அம்மா?"

"அது வெளி ஆளு."

ரெண்டு நாள் அந்தக் கவர் சாமி படத்துக்குக் கீழேயே இருந்தது. மூணாவது நாள் எடுத்துத் தன் பேர்ல தபால் ஆபீஸ்ல கட்டிட்டு வந்தாங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. இப்போ மாசக் கடைசியில அவங்களே ஒரு நோட்டுல மணிக்கணக்கை எழுதி என் முன்னாடி வைக்கிறாங்க. போன மாசம் நான் அரை மணி நேரத்தைக் குறைச்சுப் போட்டதைக் கண்டுபிடிச்சுக் கேட்டாங்க.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. வீட்டுத் தறியில கூலி பெரும்பாலும் துணிக்கு இவ்வளவுன்னுதான் பேசுவாங்க. தறியில உட்கார்ந்தவர் கையில அது வரும். தார் சுத்தின மனைவி, பாவு ஓட்ட உதவின பாட்டி, இவங்களுக்குத் தனியா எதுவும் கிடையாது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில 35 லட்சத்துக்கும் மேல கைத்தறித் தொழிலாளர்கள் இருக்காங்க. அதுல நூத்துக்கு 70 பேருக்கு மேல பெண்கள். நெசவுக் குடும்பங்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு, மாசம் 5,000 ரூபாய்க்கும் கீழே சம்பாதிக்குது. குடும்பம் மொத்தமும் உழைச்சு அந்தப் பணம்.

1985-ல கைத்தறிக்குன்னு சில ரகங்களை ஒதுக்கி ஒரு சட்டம் வந்தது. இப்போ அந்தப் பட்டியல்ல 11 ரகம் இருக்கு, துண்டும் அதுல உண்டு. விசைத்தறிப் போட்டியிலிருந்து காப்பாத்தத்தான் அந்தச் சட்டம். ஆனா வீட்டுக்குள்ள தார் சுத்துற கைக்குக் கூலி உண்டா இல்லையாங்கிறது அதுல வராது. அதை விலையில நாமதான் சேர்க்கணும்.

அதனால நீங்க கைத்தறித் துணி வாங்கினா, என்கிட்டயோ வேற யார்கிட்டயோ, மூணு கேள்வி கேளுங்க. இது எந்தப் பருத்தி? நெய்ய எத்தனை மணி நேரம்? தார் சுத்தினது யாரு, அவங்களுக்குக் கூலி உண்டா? மூணாவது கேள்விக்கு விக்கிறவர் தயங்கினா, விலை குறைவா இருக்கிறதுக்குக் காரணம் உங்களுக்கே புரிஞ்சிடும்.

வாங்கின துணியை அழகா இருக்குன்னு ஆணியில தொங்க விடாதீங்க. ரெண்டு மூணு தடவை துவைச்சா மிச்சமிருக்கிற கஞ்சியும் போய், நல்லா உறிஞ்ச ஆரம்பிக்கும். முதல் சில துவைப்புல கொஞ்சம் பஞ்சு உதிரும், அளவும் லேசாச் சுருங்கும், அது இயல்புதான். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி ஊத்தாதீங்க, அது இழை மேல படிஞ்சு உறிஞ்சுற தன்மையைக் குறைச்சுடும். சாம்பார்க் கறை பட்டா படட்டும், அது அதுக்குத்தான் நெய்தது. நைஞ்சு போனதும் தரை துடைக்க எடுத்துக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.