கருவுக்கு இரங்கும் டாலர் தாயைக் கைவிடுவது ஏன்?

(வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 ஜனவரி 24ஆம் நாள் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். 'மெக்சிகோ நகரக் கொள்கை' என்ற பழைய விதி அதன் மூலம் மீண்டும் உயிர் பெற்றது. இதைக் கேள்விப்பட்ட நம் இளைஞர்கள் சிலர், "வெளிநாடுகளில் கருக்கலைப்புக்குப் போன பணத்தை நிறுத்தி விட்டார்கள். நம் மார்க்கமும் அதைத்தானே கண்டிக்கிறது? இதையாவது பாராட்டலாமே ஹஜ்ரத்!" என்றார்கள்.

கேள்வி நியாயமானது. பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். பகைவன் செய்தான் என்பதற்காக ஒன்றைத் தூற்றுவதும் கூடாது. நமக்குப் பிடித்த பெயர் ஒட்டியிருக்கிறது என்பதற்காக ஒன்றைப் போற்றுவதும் கூடாது. முதலில் உண்மையைத் தெரிந்து கொள்வோம்.

மார்க்கம் சொல்வது

வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்வதைத் திருக்குர்ஆன் (17:31) தடுக்கிறது. ரூஹ் ஊதப்பட்ட பின் கருவைக் கலைப்பது ஹராம் என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. 120 நாட்களுக்கு முந்திய நிலை பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தக்க காரணம் இருந்தால் ஹனஃபி அறிஞர்கள் பலர் இடம் கொடுக்கிறார்கள். மாலிக்கி மத்ஹபு மிகவும் கண்டிப்பானது. ஆனால் தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் தாயைக் காப்பாற்றுவதே முதல் கடமை. கருத்தரிக்காமல் தடுத்துக் கொள்வது இதிலிருந்து வேறுபட்டது. நபித்தோழர்கள் காலத்திலேயே 'அஸ்ல்' என்ற முறை இருந்தது. பெரும்பாலான இமாம்கள் அதை அனுமதித்திருக்கிறார்கள். கருத்தடை வேறு, கருக்கலைப்பு வேறு என்ற இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக் கொண்டு மேலே கேளுங்கள்.

நின்றது எந்தப் பணம்?

அமெரிக்காவின் வெளிநாட்டு உதவிப் பணத்தைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகக் கருக்கலைப்புக்குச் செலவிடக் கூடாது என்ற சட்டம் 1973ஆம் ஆண்டிலேயே வந்து விட்டது. செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டு வந்த திருத்தம் அது. கிளிண்டன், ஒபாமா, பைடன் ஆட்சிகளிலும் அது நீக்கப்படவில்லை. அப்படியானால் டிரம்ப் நிறுத்தியது எதை?

1984இல் மெக்சிகோ நகரில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில் ரீகன் அரசு ஒரு புதிய நிபந்தனையை அறிவித்தது. அமெரிக்கப் பணம் வாங்கும் அயல்நாட்டுத் தொண்டு நிறுவனம், வேறு இடத்திலிருந்து திரட்டிய தன் சொந்தப் பணத்தில் கூடக் கருக்கலைப்புச் சேவை செய்யக் கூடாது. அதற்கு வழிகாட்டக் கூடாது. அதற்காகத் தன் நாட்டு அரசிடம் சட்டத் திருத்தம் கேட்கவும் கூடாது. தாயின் உயிருக்கு ஆபத்து, பலாத்காரம் போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. இதற்கு உடன்பட்டுக் கையெழுத்திடாவிட்டால் கருத்தடைச் சேவைக்குக் கொடுக்கும் பணமும் கிடையாது!

வியாபாரிகளே! உங்களுக்குக் கடனில் சரக்கு தரும் மொத்த வியாபாரி, "நான் கொடுத்த சரக்கை மட்டுமல்ல, உன் கைக்காசில் வாங்கிய சரக்கையும் நான் சொல்கிறபடிதான் விற்க வேண்டும், விலையைப் பற்றிச் சங்கத்தில் வாய் திறக்கவும் கூடாது" என்றால் ஏற்பீர்களா? இதனால்தான் இந்த விதிக்கு 'வாய்ப்பூட்டு விதி' என்று உலகம் பெயர் வைத்தது.

ஆட்சி மாறினால் விதி மாறும். கிளிண்டன் 1993இல் நீக்கினார். புஷ் 2001இல் கொண்டு வந்தார். ஒபாமா 2009இல் நீக்கினார். டிரம்ப் 2017இல் கொண்டு வந்ததோடு, குடும்ப நலத்தைத் தாண்டி எய்ட்ஸ், மலேரியா, தாய்சேய் நலம் உட்பட சுமார் 880 கோடி டாலர் சுகாதார உதவிக்கும் விரித்தார். பைடன் 2021இல் நீக்கினார். 2025இல் மீண்டும் டிரம்ப். வாஷிங்டனில் நாற்காலி மாறும்போதெல்லாம் ஆப்பிரிக்கக் கிராமத்து மருத்துவ நிலையத்தின் கதவு மூடித் திறக்கிறது!

கருக்கலைப்பு குறைந்ததா?

இதுதான் நம் இளைஞர்கள் கேட்க வேண்டிய கேள்வி. 1995 முதல் 2014 வரை 26 ஆப்பிரிக்க நாடுகளின் விவரங்களை ஆராய்ந்து, 2019இல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. புஷ் ஆட்சியில் விதி நடப்பில் இருந்தபோது, அமெரிக்கப் பணத்தை அதிகம் நம்பியிருந்த நாடுகளில் கருக்கலைப்பு மற்ற நாடுகளோடு ஒப்பிடும்போது சுமார் 40 சதவீதம் கூடியது! கருத்தடைச் சாதனங்களின் பயன்பாடு குறைந்தது. 2009இல் விதி நீங்கியதும் நிலைமை திரும்பியது.

காரணம் எளிது. கையெழுத்திட மறுத்த நிறுவனங்கள்தாம் பல ஊர்களில் கருத்தடைச் சாதனங்களைக் கொடுத்து வந்தன. பணம் நின்றது, நிலையங்கள் மூடப்பட்டன. வேண்டாத கர்ப்பம் கூடியது. அது கருக்கலைப்பில் முடிந்தது. கருக்கலைப்பைத் தடுக்கிறோம் என்று சொல்லி அதைப் பெருக்கிய விதியை நாம் எப்படிப் பாராட்டுவது?

கருவில் உள்ள சிசுவின் மீது கருணை என்றார்கள். 2017 ஜனவரி 23ஆம் நாள் இந்த விதியில் கையெழுத்திட்ட அதே கை, நான்கே நாள் கழித்து ஜனவரி 27ஆம் நாள் சிரியா, யமன், சோமாலியா உள்ளிட்ட ஏழு முஸ்லிம் நாட்டு மக்கள் அமெரிக்காவில் நுழையத் தடை போட்டது. பிறந்த குழந்தைக்கு அந்தக் கருணை இல்லையா?

நேற்று வேறு முகம்

இந்த வல்லரசு எப்போதும் கருவைக் காக்கும் வேடத்தில் வந்ததில்லை. 1974இல் ஹென்றி கிஸ்ஸிங்கரின் மேற்பார்வையில் ஓர் இரகசிய அறிக்கை தயாரானது. ஏழை நாடுகளில் மக்கள்தொகை பெருகுவது அமெரிக்க நலனுக்கு ஆபத்து என்று சொல்லி 13 நாடுகளைக் குறித்தது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், இந்தோனேசியா, எகிப்து, துருக்கி, நைஜீரியா எல்லாம் அதில் உண்டு.

நம் நாடும் இதை அனுபவித்தது. அவசரநிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவை செய்தார்கள். 1976 நவம்பரில் ஹரியானாவின் உட்டாவர் என்ற மேவாத்தி முஸ்லிம் கிராமத்தைப் போலீஸ் சூழ்ந்து ஆண்களைப் பிடித்துக் கொண்டு போனது. அதே மாதத்தில் இந்தியா வந்த உலக வங்கித் தலைவர் ராபர்ட் மக்னமாரா, இந்தியாவின் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு முயற்சியைப் பாராட்டி விட்டுப் போனார்!

பிள்ளை பெறாதே என்று அன்று மிரட்டியதும் பணம்தான். கருத்தடைச் சேவையையே முடக்கியதும் பணம்தான். இரண்டு காலத்திலும் அந்தத் தாயிடம் யாரும் கேட்கவில்லை.

நம் பங்கு என்ன?

2023இல் உலகில் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர் என்கிறது ஐ.நா. கணக்கு. அதில் கால் பங்குக்கு மேல் நைஜீரியாவில். அமெரிக்கா உதவியை நிறுத்தினால் 2025 முதல் 2028 வரை ஆப்கானிஸ்தானில் மட்டும் 1,200 தாய்மார்கள் கூடுதலாக இறக்கக் கூடும் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் அதிகாரி 2025 பிப்ரவரியில் எச்சரித்தார். அந்தத் தாய்மார்கள் யார்? நம் சகோதரிகள்! இந்தத் தாய்மார்களுக்காக எண்ணெய்ச் செல்வம் படைத்த நாடுகளும், வசதி படைத்த நாமும் என்ன செய்தோம்?

2002இல் புஷ் அரசு அந்த நிதியத்துக்குத் தர வேண்டிய 3 கோடியே 40 லட்சம் டாலரை நிறுத்தியது. உடனே இரண்டு அமெரிக்கப் பெண்கள், '3 கோடியே 40 லட்சம் பேர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள்' என்று வேண்டுகோள் விட்டார்கள். தபாலில் டாலர் நோட்டுகள் குவிந்தன. பல லட்சம் டாலர் சேர்ந்தது. அவர்கள் அரசை ஏசி விட்டு உட்கார்ந்து விடவில்லை.

நம்மிடம் ஜகாத் இருக்கிறது, பைத்துல்மால் இருக்கிறது, வக்ஃபு இருக்கிறது. உங்கள் மஹல்லாவில் ஏழைக் கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்ற பட்டியல் ஜமாஅத்திடம் இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்கு வலி கண்டால் வண்டிக்கு யாரிடம் போவார்கள்? இரத்தம் கொடுக்க எந்த இளைஞரின் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது?

இளைஞர்களே! பட்டியலை நீங்கள் எடுங்கள். வணிகப் பெருமக்களே! செலவை நீங்கள் ஏற்றுக் கொள்ளுங்கள். கருவைக் கலைக்காதே என்று ஓர் ஏழைப் பெண்ணிடம் சொல்லும் சமுதாயம், அவளும் அவள் பிள்ளையும் பிழைத்து வாழும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். வருகிற ஜும்ஆவுக்கு முன் உங்கள் ஜமாஅத் நிர்வாகிகளிடம் இதைப் பேசுங்கள். அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக!